தேரூர்க் குளத்துப் பறவைகளால் மனிதருக்கு மலேரியா வராது

தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு வரும் வலசைப் பறவைகளின் இரத்தத்தில் மலேரியா கிருமி இருப்பதாகவும், அவற்றைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் நமக்கும் காய்ச்சல் வரும் என்பதால் குளக்கரைக் கூடுகளைக் கலைத்துவிட வேண்டும் என்றும் கன்னியாகுமரி மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. பறவைகளுக்கு மலேரியா வருவது உண்மைதான், மற்றவை தவறு.

பறவைகளைத் தாக்கும் பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வேறு, மனிதரைத் தாக்கும் வைவாக்ஸ், ஃபால்சிபாரம் போன்ற இனங்கள் வேறு. முன்னதைப் பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசுக்களும், பின்னவற்றை அனோஃபிலிஸ் கொசுக்களும் பரப்புகின்றன. குரங்குகளிடமிருந்து மனிதருக்குத் தாவும் நோலசி என்ற இனம் தென்கிழக்கு ஆசியாவில் உண்டு என்றாலும், பறவை மலேரியா மனிதருக்கு நோய் தருவதில்லை.

பறவை மலேரியா நம் நாட்டு ஆய்வோடு நெருங்கிய தொடர்புடையது. 1898இல் கல்கத்தாவில் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் பறவைகளை வைத்தே ஆராய்ந்து, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை ஒட்டுண்ணி வந்து சேர்வதை நுண்ணோக்கியில் கண்டார். மலேரியா பரவும் வழி அங்கேதான் தெளிவாயிற்று.

உண்மையில் பறவை மலேரியாவால் பாதிக்கப்படுபவை பறவைகளே. ஹவாய்த் தீவுகளின் தேன்குருவி இனங்கள் பல இதனால் நலிந்தன. 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட நம் குளங்களில் கூடுகளைக் கலைப்பது சட்டப்படியும் குற்றம். கொசுவுக்கு அஞ்சுவோர் மொட்டைமாடித் தொட்டியின் மூடி இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கட்டும். குளிருடன் காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.