கோல்டன் ரைஸ் மான்சாண்டோவுடையது அல்ல

கோல்டன் ரைஸ் என்ற மரபணு மாற்றிய மஞ்சள் அரிசியை உருவாக்கியது மான்சாண்டோ என்ற அமெரிக்க விதைக் கம்பெனி என்று ஒருவர் எழுதியிருந்தார், அது தவறு. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் இங்கோ பொட்ரிகுஸ், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பேயர், இந்த இருவரின் ஆய்வகங்களில்தான் அது பிறந்தது, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. டாஃபோடில் பூவிலிருந்தும் ஒரு பாக்டீரியாவிலிருந்தும் எடுத்த மரபணுக்களை நெல்லில் சேர்த்து, உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் அரிசிமணிக்குள்ளேயே உண்டாக வைத்தார்கள். 2000 ஜனவரியில் சயின்ஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரையில் முதல் பெயர் ஷூடாங் யே, அடுத்தது சலீம் அல்-பாபிலி. ஆய்வக மேசையில் உழைத்த இவர்களை யாரும் நினைப்பதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். மான்சாண்டோ தன் காப்புரிமைகளை இலவசமாகப் பயன்படுத்த விட்டது, அவ்வளவுதான். அப்புறம் 2005இல் மக்காச்சோள மரபணுவை வைத்து கோல்டன் ரைஸை மேம்படுத்தியது சிஞ்சென்டா என்ற சுவிஸ் விவசாயக் கம்பெனி, அதுவும் மான்சாண்டோ இல்லை.