ஸ்டோலன் சாப்பிட்டால் புட்டு கோபிக்காது

ஜெர்மனியில், டோட்முண்ட் கிறிஸ்மஸ் சந்தையில், நானும் மகளும் ஸ்டோலன் என்கிற ஜெர்மன் கிறிஸ்மஸ் கேக்கோடு நின்ற படத்தைப் போட்டேன். பண்பாட்டை விட்டுவிட்டாள் என்று அந்தப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரும்ப விளக்க எனக்குப் பொறுமை இல்லை. கோபத்தோடு எழுதக்கூடாது என்று சும்மா இருந்து பார்த்தேன். கோபம் அடங்குகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த ஊரில் குளிர்காலத்தைக் கொண்டாடுவது ஆடம்பரம் இல்லை. கொண்டாடாவிட்டால் ஆள் தாங்காது.

டோட்முண்டில் டிசம்பர் நடுப்பகுதியில் காலை எட்டரைக்குத்தான் சூரியன் வரும். பின்னேரம் நாலரைக்கு முன்னமே போய்விடும். பனி கொட்டி வடிவாக இருக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். இங்கே பனியும் ஒழுங்காகக் கொட்டாது. சாம்பல் வானம், எலும்பு வரை இறங்குகிற ஈரம், அவ்வளவுதான். நான் வந்த முதல் குளிர்காலத்தில் வெளிச்சம் போனதும் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவேன். சாப்பாடு இறங்காது. அம்மா தொலைபேசி எடுத்தால் 'நல்லா இருக்கிறன்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்தியர் விட்டமின் டி எழுதித் தந்தார். அதுவும் உதவியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை எழுப்பி உட்கார வைத்தது மாவும் பட்டரும்.

முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்களில் அங்கே இருக்கிற வயதானவர்களைச் சுற்றி இருத்தி பிஸ்கட் செய்வார்கள். வனில்லகிப்ஃபல் என்று பிறை வடிவத்தில் ஒன்று. மா, பட்டர், அரைத்த பாதாம், சீனி. மாவைக் குளிராக வைத்திருக்க வேண்டும், கைச்சூட்டில் பட்டர் இளகினால் பிறை எல்லாம் பரந்து தட்டையாகிவிடும். நான் உருட்டியதைப் பார்த்த ஒரு பாட்டி என் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார். "உன் கை சூடு, போய்த் தண்ணீரில் கழுவிவிட்டு வா." கழுவிவிட்டு வந்தால், "மொத்தமாக இருக்கிறது" என்று அடுத்த அடி. அப்புறம் சூடு ஆறுவதற்குள் வனிலாச் சீனி தூவ வேண்டும், ஆறினால் ஒட்டாது. ஆனால் சூட்டோடு தூக்கினால் உடைந்துவிடும். உடைந்ததை எல்லாம் நாங்கள் நின்றபடியே தின்றோம். அந்த டிசம்பரில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் குசினியில்தான்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம்.

"எங்கட ஆக்களுக்கு இப்ப புட்டு இறங்காது, ஸ்டோலன்தான் இறங்கும்" என்று ஐயா ஒருவர் எழுதினார். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. சிரித்தவர்களில் சிலர் போன தைப்பொங்கலுக்கு என் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஐயா, அந்தப் படம் எடுத்த அன்று காலை என் வீட்டில் புட்டும் சம்பலும்தான். அதையும் படம் எடுத்து உங்களுக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அந்த ஸ்டோலனுக்குள் என்ன இருக்கிறது என்றாவது பார்த்தீர்களா? முந்திரிகை வற்றல், தோடம்பழத்தோல், பாதாம், ஏலம், சாதிக்காய். எங்கள் ரிச் கேக்குக்குப் போடுகிற சாமான்களில் பாதி இதிலும் இருக்கிறது. சுட்டதும் உருக்கிய பட்டரில் குளிப்பாட்டி, சீனித்தூளில் புரட்டி, சுற்றிக் கட்டி வாரக்கணக்கில் வைக்க வேண்டும். ரிச் கேக்கை வைக்கிறோமே, அதே பொறுமைதான். முந்திய காலத்தில் இவர்களுக்கும் கிறிஸ்மஸுக்கு முன்னம் நோன்பு. பட்டர் தொடக்கூடாது, எண்ணெய் விட்டுத்தான் ஸ்டோலன். சக்சனிப் பகுதிக்காரர் பாப்பரசரிடம் கெஞ்சிக் கெஞ்சி 1491-இல்தான் பட்டருக்கு அனுமதி வாங்கினார்கள். கந்தசட்டிக்கு மிளகை விழுங்கித் தண்ணீர் குடிக்கிற எங்களுக்கா இந்தச் சனத்தை விளங்காது?

கறுவா கதை இன்னும் நல்லது. கடைகளில் விற்கிற மலிவான காசியா கறுவாவில் கூமரின் என்கிற பொருள் அதிகம் இருக்கிறது, அளவுக்கு மிஞ்சினால் ஈரலுக்குக் கூடாது என்று 2006-இல் இங்கே பெரிய பேச்சு அடிபட்டது. குற்றவாளிக் கூண்டில் நின்றது கிறிஸ்மஸ் கறுவா பிஸ்கட். அதனால் விவரமானவர்கள் பார்த்து வாங்குவது எது தெரியுமா? பெட்டியில் 'சிலோன்' என்று அச்சடித்த கறுவா. எங்கள் தீவுக் கறுவாவை ஜெர்மன்காரன் விலை கூடக் கொடுத்துத் தேடி வாங்குகிறான். அதை நான் என் மாவில் போட்டால் நான் வெள்ளைக்காரி.

"சைவக்காரருக்கு எதற்குக் கிறிஸ்மஸ்" என்று ஒருவர். யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டுக் கேக் தட்டம் உங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லையா? வந்தபோது திருப்பி அனுப்பினீர்களா? சரி, விடுங்கள்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு எத்தனை ஜெர்மன்காரர் வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள், சோறும் வடையும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். 'வடிவாச் சாப்பிடுகினம்' என்று நாங்களே பெருமையாகக் கதைக்கிறோம். அவர்கள் எங்கள் வடையைச் சாப்பிட்டால் அது எங்களுக்குப் பெருமை. நாங்கள் அவர்கள் உருளைக்கிழங்கு ரைபகூகனை அப்பிள் மசியலோடு சாப்பிட்டால் மட்டும் இனம் அழிந்துவிடும்.

படத்தில் என் கையில் இருந்த கோப்பைக் கதைக்கு வருவோம், ஏனென்றால் கூடச் சிரித்தது அதற்குத்தான். "அம்மன் பக்தையின் கையில் குளூவைன்." சூடாக்கிய வைன் என்கிறார்கள். அது கிண்டர்பூன்ஷ். பழச்சாற்றில் கறுவாவும் கராம்பும் போட்டுச் சூடாக்கித் தருகிற, பிள்ளைகள் குடிக்கிற சாமான். சந்தையில் இரண்டுக்கும் ஒரே கோப்பைதான், முற்பணம் கட்டி வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை நான் ஏன் விளக்குகிறேன் என்றும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. குளூவைனாகவே இருந்தாலும்தான் என்ன? சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற அண்ணைமாரின் பண்பாடு பற்றி யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? கோடையில் பூங்காவில் இறைச்சி வாட்டி, சட்டையைக் கழற்றிவிட்டுப் படம் போடுகிறார்கள். கீழே 'கலக்குங்கோ அண்ணை' என்று எழுதுகிறீர்கள். ஒரு பெண் தொப்பி போட்டுக்கொண்டு சந்தையில் நின்று சிரித்தால்தான் தமிழ் ஆட்டம் காணுகிறது.

காசைப் பற்றியும் கேட்டார்கள். நான் உழைக்கிற காசு. அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

கடைசியாக ஒன்று. "ஊரில் சனம் வெள்ளத்துக்குள், இவ இங்க கேக் சுடுறா. மாவீரர் மாதம் முடிஞ்ச ஈரம் காயேல்ல." இதற்கு மட்டும் நான் பகிடி விடமாட்டேன். போரில் மாண்ட மாவீரரை நினைக்கிற நவம்பர் 27-க்கு முன்னமே சந்தை திறந்துவிடும். அந்த நாள் கழியும் வரைக்கும் நான் அந்தப் பக்கம் போவதில்லை. மகள் கேட்பாள், வெளிச்சங்களைத் தூரத்தில் இருந்து பார்ப்பாள், கூட்டிப் போவதில்லை. ஏன் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அதை நான் படம் எடுத்துப் போடுவதில்லை. போடாதபடியால் இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போல. ஊருக்கு அனுப்பியதற்கும் என்னிடம் பற்றுச்சீட்டு இருக்கிறது, அதையும் ஒட்டவா?

துக்கம் இருக்கிறவள் சிரிக்கக்கூடாது என்றால் எனக்கு இந்த ஆயுளில் சிரிக்க ஒரு நாளும் மிஞ்சாது. என் மகளுக்குக் குளிர்காலம் என்றால் அம்மா திரையை இழுத்துவிட்டுப் படுத்த ஞாபகமாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் முகமெல்லாம் சீனித்தூளோடு நின்ற படம்தான் நீங்கள் சிரித்த படம். என்னைப் பற்றி எழுதுங்கள், எழுதி எழுதிப் பழகியவர்கள்தானே. அவள் நின்ற படத்துக்குக் கீழே எழுதினீர்களே, அவள் தமிழ் வாசிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பி நான்தான் படிப்பித்தேன்.

இந்தச் சனிக்கிழமை ஹான்சாபிளாட்ஸுக்குப் போகிறோம். நூற்றுக்கணக்கான சின்ன மரங்களைச் சட்டத்தில் செருகி 45 மீட்டர் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்களே, அந்த மரத்தடியில் ஐந்து மணிக்கு நிற்போம். வருகிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு வாருங்கள், சில்லறையும் கொண்டு வாருங்கள், எல்லாக் கடையிலும் அட்டை எடுக்கமாட்டார்கள். கிப்ஃபல் நான் கொண்டு வருகிறேன். ஐயாவும் வரலாம். கோப்பைக்கு முற்பணம் மட்டும் அவரே கட்டட்டும்.