வண்டியிலிருந்து இறங்கி நடந்த காலம்தான் வேலை செய்த காலம்

இருபது வருடத்துக்கு மேல் ரோந்துப் பணியில் இருந்தவன் நான். போலீஸ் வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான்: சும்மா வண்டியில் சுற்றிச் சுற்றி வருகிறீர்களே, அதனால் யாருக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972-73ல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 15 ரோந்துப் பகுதிகளில் ஐந்தில் வழக்கமான ரோந்தை நிறுத்திவிட்டு அழைப்பு வந்தால் மட்டும் போனார்கள், ஐந்தில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், மீதி ஐந்தைப் பழையபடியே விட்டார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. ரோந்து கூடியதையும் குறைந்ததையும் பெரும்பாலானவர்கள் கவனிக்கக்கூட இல்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது, கண்விழித்து ஓட்டிய அத்தனை ராத்திரியும் வீண்தானா என்று மனசு கனத்துப் போனது.

அப்புறம் அதே எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவின் இன்னொரு நகரமான நியூவார்க்கில் போலீஸ்காரர்களைத் தெருவில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். குற்ற எண்ணிக்கை அப்போதும் பெரிதாக மாறவில்லை. ஆனால் அவர்கள் நடப்பதை மக்கள் கவனித்தார்கள், பயம் குறைந்தது என்றார்கள். என் அனுபவமும் இதுதான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவனிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நடந்து போகிறவனிடம்தான், அந்த மூணாவது வீட்டில் ராத்திரியெல்லாம் ஒரே சத்தம் சார், கொஞ்சம் பாருங்கள் என்று காதோடு சொல்வார்கள். பிறகொரு நாள் அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்து கதவைத் தட்டும்போது, உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிந்தால் பாதிச் சண்டை வாசலிலேயே அடங்கிவிடும். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் தாமதமாக வருகிறீர்கள் என்றும் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போதுமான வண்டி இல்லாமல் நாங்கள் தாமதித்தது உண்டு, அது எங்கள் தவறு. ஆனால் அண்ணனுக்கு, மாமாவுக்கு, பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் எங்களைக் கூப்பிடுகிறவர்களும் அதிகம். கூப்பிட்டவுடன் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். நடுவில் லைன் அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும்.

ஒரு தங்கை கேட்டிருந்த கேள்விக்குத்தான் நாலு நாளாகப் பதில் எழுத முடியவில்லை. ஒரு போலீஸ்காரர் கைகட்டி நின்றவனை அடிக்கும்போது, கூட நின்ற மற்றவர்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டிருந்தார். சொல்கிறேன் அம்மா. கூட வேலை செய்கிறவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் எழுதாத ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அது தப்பு. அப்படி ஒரு தடவை நானும் பேசாமல் நின்றிருக்கிறேன். மறுநாள் அதே தெருவில் நடந்து போனேன். வருடக்கணக்காகப் பேசிப் பழகிய ஒருவர்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.