ஜான் நியூட்டன் புயலன்றே அடிமைகளை விடுவித்தாரா?

வாட்ஸ்அப்பில் ஒரு சாட்சி சுற்றுகிறது. அடிமைக் கப்பல் கேப்டன் ஜான் நியூட்டன் புயலில் மனந்திரும்பினார், உடனே கப்பலைத் திருப்பி அடிமைகளை விடுவித்தார், அன்றிரவே 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதினார் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை.

1748 மார்ச்சில் புயலில் சிக்கிய கப்பலில் அவர் கேப்டன் அல்ல. அதில் இருந்தது தேன்மெழுகும் மரமும். எடை குறைந்த அந்தச் சரக்குதான் ஓட்டை விழுந்த கப்பலை மிதக்க வைத்தது. "கர்த்தர் இரங்கட்டும்" என்று அவர் வாய்விட்டுச் சொன்னது மட்டும் நிஜம்.

அப்புறம் நடந்ததைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1750இல்தான் அவர் அடிமைக் கப்பலுக்கு கேப்டனானார். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். கீழே மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 1754இல் கடலை விட்டதும் உடல்நலம் கெட்டதால்தான். 1764இல் போதகரானார். அந்தப் பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது.

கிருபை நம்மைப் பயிற்றுவிக்கிறது என்கிறது தீத்து 2:12. பயிற்சிக்கு நாளாகும். அதனால் இந்த நீண்ட கதையே எனக்குப் பெரிய ஆறுதல். புயலுக்கு 40 வருடம் கழித்து, 1788இல்தான் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார்.