ஆணையத்துக்குத் தலைவராக டாக்டர்தான் வரவேண்டுமா? அந்த ஃபார்வர்டு தவறு

"லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி ஆட்களுக்கெல்லாம் புதிதாக ஆணையம் வந்திருக்கிறதாம், ஆனால் தலைவர் எம்பிபிஎஸ் டாக்டராகத்தான் இருக்கணுமாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் தலைவருக்கான தகுதி தெளிவாகவே இருக்கிறது. இந்தத் துறைகளில் ஏதாவது ஒன்றில் முதுநிலைப் பட்டம், 25 ஆண்டு அனுபவம், அதில் குறைந்தது 10 ஆண்டு தலைமைப் பொறுப்பு. எம்பிபிஎஸ் என்ற நிபந்தனையே கிடையாது.

அப்புறம், அதே செய்தியில் "இவர்கள் எல்லாரும் டாக்டருக்கு உதவியாளர்கள்" என்ற வரி. இதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. சட்டத்தின் அட்டவணையில் பத்துப் பிரிவுகள் இருக்கின்றன, ஆய்வகத்தில் தொடங்கி கண் பரிசோதனை, உணவியல், மனநலம், மருத்துவப் பதிவேடு வரை, ஒவ்வொன்றும் தனிப் படிப்பு, தனித் திறமை. அரசு மருத்துவமனை டயாலிசிஸ் வார்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், டெக்னீஷியன் நோயாளியின் கையில் விரலை வைத்து, உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தட்டுப்படுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, எங்கே ஊசி போடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் இயந்திரம் ஓடத் தொடங்கும். அது வெறும் எடுபிடி வேலையா?

பிசியோதெரபிஸ்ட் இந்தச் சட்டப்படி சுகாதாரத் தொழில்முறையாளர், அந்தத் தகுதிக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப் படிப்பு வேண்டும். நர்சுகளும் மருந்தாளுநர்களும் இதில் வரமாட்டார்கள், அவர்களுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன.