பள்ளிக்கு ரோபோ செட் விற்கிறவர்களே, போர்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடியாதா?

வயிறு எரிகிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் மாலை வேளையில் பிள்ளைகளுக்கு ரோபோ சொல்லித் தருகிறேன். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள், செம்பனையில் வேலை செய்தவர்கள். அதனால்தான் அவர்களுக்கு அப்படி ஒரு யோசனை வந்தது. குலை வெட்டி விழும்போது சிதறுகிற உதிரிப் பழத்தை நிறம் பார்த்துக் கண்டுபிடித்து, ஒதுக்கிச் சேர்க்கிற ஒரு சின்ன வண்டி. பாட்டி முதுகு வளைந்து பொறுக்கியதைப் பார்த்த பிள்ளை சொன்னது அது. கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடும் வண்டியை ஊரே செய்கிறது. இதை யார் செய்வார்?

சரி, செய்வோம் என்று இறங்கினோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுத்த செட். சிற்றுண்டி தினத்தில் அம்மாக்கள் முறுக்கும் நாசி லெமாக்கும் விற்றுச் சேர்த்த காசு. பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கிறான், விருப்பம்போல் விரிவாக்கலாம் என்று. எங்கே விரிவாக்குவது? வெளியே எடுக்க 5 வோல்ட் முனை ஒன்றே ஒன்று. சக்கர மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப்பும் விளக்கும் பஸ்ஸரும், ஒயர் மாட்டும் முனைகளான பின்களில் பாதியைத் தின்றுவிட்டன. எந்தப் பின் காலி, எது ஏற்கெனவே எங்கே போகிறது, ஒரு வரி கிடையாது. சர்க்யூட் படம் கேட்டால் கம்பெனி ரகசியமாம். ஏடிமெகா 328 என்ற மூளைச் சிப்பைச் சுற்றி நாலு உதிரி பாகம் வைத்த போர்டில் என்னய்யா ரகசியம்?

பழத்தை ஒதுக்க, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கிற சர்வோ என்ற சின்ன மோட்டாரை வைத்தோம். காற்றில் திரும்பும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஏதாவது தடுத்து முட்டி நின்றால் அது பல நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். யூஎஸ்பி வழியாக வருவதே சாதாரணமாக 500 மில்லி ஆம்பியர். மின்னழுத்தம் சரிகிறது, சிப் ரீசெட் ஆகிறது, சக்கரம் நிற்கிறது, புரோகிராம் முதலிலிருந்து ஓடுகிறது. பிள்ளைகளுக்கு இது தெரியுமா? தாங்கள் எழுதியதுதான் தப்பு என்று நினைத்து, சரியாக இருந்த புரோகிராமை அழித்து அழித்து எழுதினார்கள். ஒரு பெண்பிள்ளை அழுதே விட்டாள். விற்றவனுக்குப் போன் போட்டால் அவனும் அதையே சொல்கிறான்: "புரோகிராம் சரியில்லை சார், பசங்களை நல்லாப் பார்க்கச் சொல்லுங்க." அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

சர்வோவுக்குத் தனி பேட்டரி கொடு, அதன் கிரவுண்டை, அதாவது மைனஸ் முனையை, போர்டின் கிரவுண்டோடு சேர். இவ்வளவுதான் தீர்வு. பெட்டிக்குள் இதை அச்சடிக்க எத்தனை சென் ஆகும்? ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குமேல் எடுக்காதே, 40 தொட்டால் சிப்புக்கே ஆபத்து என்று எழுத எவ்வளவு மை வேண்டும்?

இதைவிட மோசம் ஒன்று. இடது சக்கரத்தின் வேகத்தை 9-ஆம் பின்னில் வைத்திருக்கிறான். அதே செட்டுக்கு சர்வோ மாதிரி புரோகிராமும் அவனே தருகிறான். இது மாதிரி அர்டுவினோ ஊனோ வகை போர்டில், சர்வோவை ஓட்டும் தயார் புரோகிராமான சர்வோ லைப்ரரியைச் சேர்த்தால் 9, 10 இரண்டு பின்னிலும் பிடபிள்யூஎம், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, போய்விடும், சர்வோவை எந்தப் பின்னில் மாட்டினாலும் சரி. ஏனென்றால் அந்த இரண்டு பின்னுக்கும் நேரம் கணக்கிடும் டைமரை லைப்ரரி தனக்கு எடுத்துக்கொள்கிறது. ஆக, அவன் கொடுத்த புரோகிராமை அவன் போர்டில் போட்டாலே வண்டியின் இடது பக்கம் மெதுவாக ஓடத் தெரியாமல் போகும். விற்பதற்கு முன்னால் ஒருவராவது ஓட்டிப் பார்த்தார்களா?

அப்புறம் சென்சார். நிறத்துக்கு டிசிஎஸ் 34725, தூரத்துக்கு விஎல்53எல்0எக்ஸ். இரண்டும் ஐ2சி முறையில் முகவரி சொல்லிப் பேசுபவை, இரண்டே ஒயரில் வரிசையாக மாட்டலாம், கூடுதல் பின் வேண்டாம் என்று கடைக்காரர் சேர்த்தே விற்கிறார். இரண்டுக்கும் முகவரி ஒன்றேதான், ஹெக்ஸ் கணக்கில் 29. ஒரே லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் போட்ட கதை. தூர சென்சாருக்கு வேறு முகவரி கொடுக்கலாம்தான், ஆனால் கொடுக்கும் நேரத்தில் நிற சென்சார் அதே முகவரியில் குறுக்கே வராமல் நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு இன்னொரு பின் வேண்டும். அதுதான் இல்லையே!

குட்டித் திரை மாட்டுவதும் இதே கதிதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் முதல் கால் விசிசி, அதாவது பிளஸ், இன்னொன்றில் முதல் கால் கிரவுண்டு. பார்க்காமல் மாற்றி மாட்டினால் தலைகீழாகக் கரண்டு போகும். கெட்டுப்போனால் அடுத்தது வாங்க ஈப்போவுக்கு ஓட வேண்டும், இல்லை தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். பட்டணத்துப் பள்ளியில் மேசைக்கு மேசை உதிரி இருக்கலாம். இங்கே ஒன்று போனால் வகுப்பே நின்றுவிடும்.

முடியாத காரியத்தையா கேட்கிறோம்? பினாங்கு சிம்பாங் அம்பாட்டில் சைட்ரான் கம்பெனி செய்யும் மேக்கர் ஊனோ போர்டைப் பாருங்கள். 2 முதல் 13 வரை ஒவ்வொரு டிஜிட்டல் பின்னுக்கும் பக்கத்திலேயே ஒரு எல்இடி. எந்தப் பின் உயிரோடு இருக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கண்ணால் பார்த்துச் சொல்லும். நம் நாட்டிலேயே பிள்ளைகளை மனத்தில் வைத்து போர்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு விற்கிற மற்றவர்களுக்கு மட்டும் என்ன கேடு?

கடைசியாகப் பேசியபோது, அடுத்த பெரிய செட் வாங்கினால் பின் நிறைய இருக்கும் என்றான். அம்மாக்கள் இன்னும் எத்தனை முறுக்கு சுட வேண்டும்? சர்க்யூட் படம் இல்லாத எந்த செட்டையும் இனி வாங்கக் கூடாது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்றத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, நீங்களும் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் படத்தைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் பெட்டியைத் திறக்கவே விடாதீர்கள்.