"விசுவாசம் பத்தலை"ன்னு சொல்லாதீங்க

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகள்ல சாட்சி நேரம் உண்டு. வேலை கிடைச்சவங்க, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சவங்க எழுந்து ஸ்தோத்திரம் சொல்லுவாங்க. நல்ல வழக்கம்தான். ஆனா பிள்ளைக்காக வருஷக்கணக்கா காத்திருக்கிறவங்களும் அங்கதான் உட்கார்ந்திருக்காங்க. ஆராதனை முடிஞ்சு வாசலுக்கு வந்தா, "இன்னும் விசுவாசமா ஜெபிக்கணும்மா"ன்னு யாராவது சொல்லிட்டுப் போறாங்க. அந்த வார்த்தை ஏற்கெனவே நொந்த மனசை எப்படி அறுக்கும்னு யோசிக்கிறதே இல்லை.

அப்போஸ்தலன் பவுல், தன் உடம்புல முள் மாதிரி குத்தின வேதனை நீங்கணும்னு மூணு தரம் வேண்டினார், நீங்கலை. "என் கிருபை உனக்குப் போதும்"ங்கிறதுதான் கிடைச்ச பதில். கெத்செமனே தோட்டத்துல இயேசுவே மூணு தரம் ஜெபிச்சார், பாடுகளின் பாத்திரம் நீங்கலை. இவங்களுக்கா விசுவாசம் குறைச்சல்?

களக்காட்டுப் பக்கம் டோனாவூர்ல ஊழியம் செஞ்ச மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல விழுந்து அடிபட்டாங்க. 1951 ஜனவரியில இறக்குற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அந்த அறையில இருந்தே நிறைய எழுதினாங்க. எழுதுறதுக்காகத்தான் தேவன் படுக்க வச்சார்னு நான் சொல்லமாட்டேன். அப்படிக் காரணம் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை இல்லை. சுகம் வராமலே பத்தொன்பது வருஷம் அவங்க தேவனைப் பற்றிக்கிட்டு இருந்தாங்க, அதுதான் எனக்குப் பெருசு.

ஜெபிக்கவே வாய் வராத நாள்ல வேதத்துல 13-ம் சங்கீதத்தைச் சத்தமா வாசிங்க. மொத்தமே 6 வசனம். முதல் ரெண்டு வசனத்துல "எதுவரைக்கும்"னு நாலு தடவை கேள்வி, அடுத்த ரெண்டுல வேண்டுதல், 5-ல தான் நம்பிக்கை வருது. அழுகை வந்து ரெண்டாவது வசனத்துலயே நின்னுட்டா, அன்னைக்கு அதோட விடுங்க. மனசு வராம 5-க்குத் தாவினாதான் ஜெபம் நடிப்பாகி, கொஞ்ச நாள்ல ஜெபமே நின்னுபோகுது. 88-ம் சங்கீதம் இருள்லயே முடியுது. அதையும் வேதத்துல வச்சிருக்காரே தேவன்!

பதில் தாமதமாகுதுன்னு பொருத்தனைத் தொகையை, அதாவது நேர்ந்துக்கிட்ட காணிக்கையைக் கூட்டிக்கிட்டே போகாதீங்க, தேவன் பேரம் பேசுறவர் இல்லை. மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டவும் வேண்டாம். சுகர், பிரஷர், வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

இப்படிக் காத்திருக்கிறவங்க வீட்டுக்குப் பார்க்கப் போறவங்க பத்து நிமிஷம் இருந்தா போதும். ஒரு சங்கீதம், சின்ன ஜெபம், அப்புறம் "ஆஸ்பத்திரிக்கு யாரு கூடப் போறாங்க?"ன்னு ஒரு கேள்வி. ஐயர்மாருக்கும் (சபைப் போதகர்களுக்கும்) ஒரு வேண்டுகோள்: சாட்சி நேரம் முடியும்போது, பேர் எதுவும் சொல்லாம, இன்னும் காத்திருக்கிறவங்களுக்காகவும் ஒரு ஜெபம் பண்ணுங்க.